ஐப்பசி மழைக்கு முன்னால்: தக்காளிச் செடிக்குக் கம்பு கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஆடியில் நாற்று விட்டு, ஆவணியில் பிடுங்கி நட்ட தக்காளிச் செடி புரட்டாசி வரை கெட்டியாகத்தான் நிற்கும். இதற்கு எதற்குக் கம்பு என்றுதான் தோன்றும். நட்ட 60, 70 நாளில் காய் பழுக்கத் தொடங்கும்போது ஐப்பசி பிறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்கும். காயின் பாரம், நனைந்த இலையின் பாரம், ஊறி இளகிய மண், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கூடவே காற்று என எல்லாம் ஒன்றாக வந்து சேரும். செடி சாய்வதும் தண்டு முறிவதும் அந்தச் சில நாளில்தான். அதனால் கம்பை நாற்று நடும் அன்றே நட்டுவிட வேண்டும்.

தாமதமாக நடுவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். தக்காளி வேர் பக்கவாட்டில் வேகமாகப் பரவும். ஒன்றரை மாதச் செடிக்குப் பக்கத்தில் கடப்பாரையை இறக்கினால் பாதி வேர் அறுந்துபோகும். மறுநாள் உச்சி வெயிலில் செடி துவளும். அதை வாடல் நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றுபவர்களும் உண்டு. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட செடி என்றால், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி இரண்டு பக்கமும் கம்பு நட்டு, இடையில் கயிறு இழுத்துக் கட்டுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத் தோட்டங்களில் வரிசைக்குக் கம்பு நட்டுக் கம்பி இழுப்பதும் இதே யோசனைதான்.

அடுத்தது கம்பு. ஆறடிக் கம்பில் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். பாலாற்றங்கரை மணல் பூமியில் அதுவும் போதாது, இரண்டடி இறக்குங்கள். சரளை கலந்த செம்மண்ணில் கம்பை அடித்து இறக்கப் பார்த்தால் கம்புதான் பிளக்கும். கடப்பாரையால் குழி போட்டுக் கம்பை நிறுத்தி, சுற்றிலும் கல்லும் மண்ணும் போட்டு இறுக்குங்கள்.

சவுக்குக் கம்பு நல்லது, மலிவும்கூட. ஆனால் போன வருடத்துக் கம்பை அப்படியே எடுத்து நடாதீர்கள். மண்ணுக்குள் இருந்த பகுதியைக் கரையான் தின்றிருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிப்பக்கத்தைத் தரையில் தட்டிப் பாருங்கள். சத்தம் பொத்தென்று வந்தாலோ மாவு உதிர்ந்தாலோ அது விறகுக்குத்தான். கெட்டியாக இருப்பதையும் தேய்த்துக் கழுவி நான்கு நாள் வெயிலில் காயவைத்த பிறகு நடுங்கள். போன வருட நோய்க்கிருமி கம்பில் ஒட்டியிருக்கலாம்.

வேலியில் கிடைக்கிறதே என்று முருங்கை, பூவரசு, கிளைரிசிடியா குச்சிகளைப் பச்சையாக வெட்டி நடுவதும் தவறு. அவை வேர்விட்டுத் தழைத்துவிடும். தக்காளிக்குப் போட்ட எருவையும் தண்ணீரையும் அந்தக் குச்சி குடிக்கும். இரும்புக் கம்பி வேறு மாதிரித் தொல்லை: சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதுதான் இருக்கிறது என்றால் தண்டு உரசும் இடத்தில் சாக்குத் துணியைச் சுற்றிவிடுங்கள்.

கட்டும் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், செடி அதிகம் கெடுவது இங்கேதான். நைலான் கயிறு, கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் டை எதுவும் வேண்டாம். கட்டும்போது பென்சில் பருமனில் இருக்கும் தண்டு காய்க்கும்போது கட்டைவிரல் பருமனுக்கு வரும். இறுகிய கயிறு அதில் பதிந்து, கட்டுக்கு மேலே தண்டு புடைத்து, கீழே பள்ளம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். காற்று அடித்தால் செடி முறிவது அந்தப் பள்ளத்தில்தான். பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். முதலில் துணியைக் கம்பில் இறுக்கி முடிச்சுப் போடுங்கள், அது வழுக்கி இறங்கக் கூடாது. அப்புறம் இரண்டு முனையையும் ஒரு முறை குறுக்கே மாற்றி, எட்டு வடிவில் தண்டைச் சுற்றித் தளர்வாக முடியுங்கள். தண்டுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். இலைக்காம்புக்குக் கீழே கட்டினால் செடியின் பாரம் அந்தக் கணுவில் தாங்கும்; பூங்கொத்துக்குக் கீழே கட்டினால் கொத்தே ஒடியும். ஒரு சாண் வளர வளர ஒரு கட்டு போதும்.

நேரமும் முக்கியம். காலையில் தண்டு நீர் நிரம்பி விறைப்பாக இருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும். மாலை நான்கு, ஐந்து மணிக்கு இளகியிருக்கும், அப்போது கட்டுங்கள். மழையில் நனைந்த செடியைத் தொடவே தொடாதீர்கள். இலைநோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கையோடு போகும். குடியாத்தம், வேலூர் பகுதிகளில் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் தக்காளியையும் பிடிக்கும். அதனால் பீடி சுற்றியவரானாலும் பிடித்தவரானாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் செடியைத் தொட வேண்டும்.

எல்லா ரகத்துக்கும் ஒரே உயரக் கம்பு நடுவது வீண் செலவு. பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகத்துக்கு மூன்றடி போதும். அதன் கிளை நுனி பூங்கொத்தோடு நின்றுவிடும். நுனியில் புதுத் தளிர் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் அது நெட்டை ரகம். செர்ரி தக்காளி பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு ஆறடி வேண்டும்.

பக்கக் கிளைகளை எல்லாம் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றும் முறையை வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே அப்படியே செய்யாதீர்கள். குட்டை ரகத்தில் பக்கக் கிளையில்தான் காய்ப்பே இருக்கிறது. நெட்டை ரகத்திலும் வேலூர் வெயிலுக்கு இரண்டு, மூன்று தண்டாவது விட வேண்டும். நிழல் தர இலை இல்லாவிட்டால் காயின் தோளில் வெயில் பட்டு, வெளுத்துக் காகிதம்போல் ஆகி அழுகும். கழிக்க வேண்டியது தரையை ஒட்டிய ஒரு அடி இலையை மட்டும்தான். மழைத்துளி தெறித்து மண்ணிலிருக்கும் கருகல் நோய் ஏறுவது அந்த இலைகள் வழியாகத்தான்.

மொட்டை மாடியில் க்ரோ பேக்கில் வைப்பவர்கள் கம்பைப் பைக்குள் மட்டும் ஊன்றினால் காற்றில் பையோடு சாயும். கம்பின் மேல்முனையைக் கைப்பிடிச் சுவரின் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். துணி காயப்போடும் கொடியில் கட்ட வேண்டாம், அது ஆட ஆட வேர் அசையும்.

இதையெல்லாம் மீறிச் செடி விழுந்துவிட்டால் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தாதீர்கள். விழுந்த தண்டின் அடிப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு ஈர மண்ணை அணையுங்கள், அந்த இடத்தில் புது வேர் விடும். நுனியை மட்டும் இரண்டு, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக் கட்டுங்கள். தண்டு பாதி பிளந்து ஒரு பக்கத் தோல் ஒட்டியிருந்தால், சேர்த்துப் பிடித்துத் துணி சுற்றிக் கட்டினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். முழுக்க ஒடிந்த கிளையாக இருந்தாலும் நோயில்லாததை எறியாதீர்கள். பூவையும் கீழ் இலையையும் கிள்ளிவிட்டு நிழலில் ஈர மண்ணில் ஊன்றிவையுங்கள். பத்து நாளில் வேர்விடும். புதுக் கம்பை அதே நாளில் பக்கத்தில் நட்டுவிடலாம்.