பெரிய டச் ஸ்க்ரீனில் எடிட்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையில் மாடிப்படியை ஒட்டிய 10-க்கு 10 அறை ஒன்றில்தான் நான் வேலை செய்கிறேன். கல்யாண வீடியோ, காது குத்து, அப்புறம் அவ்வப்போது கானாப் பாடகர்களின் பாட்டு மிக்ஸிங். 43 அங்குல டச் ஸ்க்ரீன் வாங்கியதிலிருந்து, "நானும் வாங்கலாமா அண்ணா?" என்று கேட்கும் தம்பிகள் அதிகம். தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை எப்படி வைப்பது, எந்த வேலைக்கு விரலைப் பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எல்லோரும் முதலில் செய்வது, டிவி மாதிரி அதைச் சுவரில் மாட்டுவது. நானும் மாட்டினேன். அரை மணி நேரத்தில் தோள் கனத்தது, மூன்றாம் நாள் கையைத் தூக்க முடியவில்லை. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2010 அக்டோபரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் இதையேதான் சொன்னார்: செங்குத்தாக நிற்கும் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை ஓய்ந்துவிடும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய சர்ஃபேஸ் ஸ்டூடியோ கணினியின் 28 அங்குலத் திரை, மேசையிலிருந்து 20 டிகிரி வரை படுக்கும்படி இருந்ததும் இதற்காகத்தான்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க கேரம் போர்டு போதும். ஸ்டாண்டில் போர்டை எந்த உயரத்தில் வைக்கிறோம்? உட்கார்ந்தால் முழங்கை மடங்கி, கை தானாக இறங்கும் உயரத்தில். திரையும் அப்படித்தான் இருக்க வேண்டும், உங்களை நோக்கிச் சற்றே சாய்ந்து. மணிக்கட்டை ஊன்றத் திரைக்கு முன்னால் ஒரு சாண் மேசை விடுங்கள். 65 அங்குல டச் பலகைகள் பெரும்பாலும் இன்ஃப்ராரெட் சட்டத்தில், அதாவது விளிம்பிலிருந்து திரைமேல் பாயும் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இயங்குபவை. ஒளியை எது மறைத்தாலும் அதைத் தொடுகை என்றே எடுத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டையின் நுனி பட்டாலும் கிளிப் நகர்ந்துவிடும்.

அடுத்தது, மவுஸ் செய்த வேலையை எல்லாம் விரலே செய்யும் என்று நம்புவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 43 அங்குல 4கே திரையில் ஒரு பிக்சல் சுமார் 0.25 மில்லிமீட்டர். விரல் நுனி கண்ணாடியில் படும் அகலம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், அதாவது 40 பிக்சல். கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஒரு நொடி 100 பிக்சலாக விரிந்திருந்தால், வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் உங்கள் விரல் 10 ஃபிரேம்களை மூடிக்கொண்டிருக்கிறது.

தாலி கட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முடிச்சு விழும்போது கெட்டி மேளம் எழும்பும். மேளத்தின் முதல் அடி வேவ்ஃபார்மில், அதாவது ஒலியின் அலை வரைபடத்தில், மெல்லிய ஊசி போல நிற்கும். அந்த ஊசியில்தான் வெட்ட வேண்டும், ஆனால் உங்கள் விரல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கே வெட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அந்த இடத்தில் கீபோர்டுக்கு வந்துவிடுங்கள். அம்புக்குறி விசையில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்து வெட்டுவதுதான் சரி. மூன்று கேமராக் காட்சிகளை விரித்துப் பார்ப்பது, டைம்லைனைத் தள்ளிச் சுருக்குவது, கிளிப்புகளை வாரி வரிசை மாற்றுவது, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றி இறக்குவது, இதெல்லாம் விரலுக்கு ஏற்ற வேலை. இவற்றில் அது தரும் வேகம் மவுஸில் கிடைக்காது.

ஃபேடர் என்றதும் ஒன்று. விண்டோஸ் 11-இல் மூன்று விரலைக் கீழ் நோக்கி இழுத்தால் எல்லா விண்டோவும் சுருங்கி டெஸ்க்டாப் வந்துவிடும். டோலக், தபேலா, கோரஸ் மூன்றையும் சேர்த்து இறக்கப் போனால் மிக்ஸரே மறைந்துபோகும். டச் அமைப்புகளுக்குள் போய் மூன்று, நான்கு விரல் சைகைகளை அணைத்துவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியையும் அணையுங்கள். இரண்டு திரை வைத்திருந்தால், தொடுகை எந்தத் திரைக்கு உரியது என்று டேப்லெட் பிசி அமைப்பில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இங்கே தொட்டால் அங்கே நகரும். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டுமே கொண்டுவரும், தொடுகைக்குத் தனியாக யூஎஸ்பி செருக வேண்டும்.

மென்பொருளைப் பார்க்காமல் திரை வாங்குவதும் தவறு. ஸ்டுடியோ ஒன், பிட்விக், எஃப்எல் ஸ்டுடியோ ஆகிய இசை மென்பொருள்கள் பல விரல்களைப் புரிந்துகொள்ளும். வேறு பலவற்றில் விரல் என்பது ஒற்றை மவுஸ் மட்டும்தான், இரண்டு ஃபேடரைச் சேர்த்து நகர்த்த முடியாது. மேக்கில் செருகினாலோ, தனி டிரைவர் இல்லாமல் தொடுகை சரியாக வேலை செய்யாது.

மிக்ஸிங் செய்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். முன்னால் படுத்திருக்கும் பெரிய கண்ணாடி, ஸ்பீக்கர் ஒலியைத் திருப்பி அனுப்பும். நேராக வரும் ஒலியைவிட அது 34 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் தாமதமாகும். இரண்டும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். பாடகரின் குரலுக்குக் கனம் தரும் பகுதி அது. பள்ளத்தை நிரப்ப நீங்கள் அங்கே ஏற்றினால், ஆட்டோவிலும் போனிலும் கேட்பவர்களுக்குக் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். திரையின் சாய்வையும் ஸ்பீக்கரின் உயரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், கடைசியில் ஹெட்ஃபோனிலும் ஒருமுறை கேளுங்கள்.

கலர் கரெக்‌ஷனை டச் ஸ்க்ரீனை நம்பிச் செய்யாதீர்கள். கைரேகையும் கண்ணாடிப் பளபளப்பும் பட்டுப்புடவையின் அரக்கை வேறு நிறமாகக் காட்டும். அளவீடு செய்த சின்ன மானிட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும்.

கடைசியாக, கரண்ட். ஒரு நாள் இரவு மிக்ஸிங் நடுவில் யாரும் தொடாமலேயே ஃபேடர் தானாக ஆடியது. மென்பொருள், டிரைவர், கேபிள் என்று விடிய விடியச் சந்தேகப்பட்டோம். பழைய கட்டடத்தில் எர்த்து சரியாக இல்லை, நாங்களும் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தோம். விரலின் மின் தாக்கத்தை உணர்ந்து இயங்கும் திரைகளில் எர்த்து இல்லாதபோது இந்தப் பேய்த் தொடுகை வரும். வியர்வைத் துளி சொட்டினாலும் வரும், பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுப் பக்கம், கடற்கரை ஓரம் இருப்பவர்கள் உப்புக்காற்று யூஎஸ்பி முனையைப் பிடிக்காமல் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்த பிறகே திரையைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.