கொழும்பிலிருந்து மலையும் தீவும் ஒரே பயணத்தில்

நுவரெலியாப் பக்கத்து ஹோர்ட்டன் சமவெளியையும், திருகோணமலையின் நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவையும் ஒரே பயணத்தில் பார்க்க, முதலில் மாதத்தைப் பாருங்கள். மலையகத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவு, திருகோணமலைக் கடலோ மே முதல் செப்டெம்பர் வரைதான் நம்பலாம். இரண்டும் ஒட்டும் இடம் ஏப்ரல் கடைசி. புத்தாண்டுக் கூட்டம் நுவரெலியாவை விட்டு இறங்கிய பிறகு போனால் அறை வாடகையும் தலைசுற்ற வைக்காது.

வழிகாட்டியோடு வான் வண்டியை வாடகைக்குப் பேசும்போது நான்கு நாளுக்குக் குறைய ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் நுவரெலியாவிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக நிலாவெளி போகவே கிட்டத்தட்ட ஒரு பகல் போய்விடும். நுழைவுக் கட்டணம், படகுக் கூலி, சாரதியின் தங்குமிடம் எல்லாம் விலைக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீட்டர். காலை பத்து மணிக்குள் உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்புக்குப் போகாவிட்டால் பெரும்பாலும் வெள்ளை மூட்டம்தான் மிச்சம். சுவெட்டர் கட்டாயம், பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். மழை நாளென்றால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அப்புறம் புறாத்தீவு. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், ஆனாலும் உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறவேண்டாம். காலையில் போனால் தண்ணீர் தெளிவு, கூட்டமும் குறைவு. பவளப்பாறையில் மிதிக்காதீர்கள், உடைத்தும் எடுக்காதீர்கள், அது தேசியப் பூங்கா. சின்னச் சுறா கண்ணில் பட்டால் அலறவேண்டாம், துரத்தாமல் விட்டால் அது தன்பாட்டில் போய்விடும்.