சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பு: ஊர் செய்யக்கூடாத தவறுகள்

விடியற்காலை நான்கரைக்குப் பேருந்து நிலைய வாசலில் இட்லிக் குண்டானோடு உட்காரும் பெண் எட்டரைக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவார். கணக்கெடுக்கும் ஊழியர் வருவதோ பதினொரு மணிக்கு. ஊரின் பட்டியல் இங்கேயே ஓட்டையாகிவிடுகிறது. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பில் பெயர் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்று தரச் சொல்கிறது. ஆகவே ஒரே நாளில், ஒரே வேளையில் எண்ணி முடிப்பதைத்தான் முதல் தவறாகச் சொல்வோம். அதிகாலை, மதியம், இரவு ஒன்பது மணி என மூன்று வேளையும் தெருவில் இறங்க வேண்டும். வாரச்சந்தை நாளைத் தனியாக எடுக்க வேண்டும். கூடையில் கீரை சுமப்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் நிலையான இடம் கிடையாது. அவர்கள் போகும் தெருக்களையே வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் மனைவி, படிவத்தில் கணவர் பெயர் என்பது அடுத்த தவறு. சான்று கணவர் பெயரில் வந்துவிட்டால், வியாபாரக் கடனும், கணக்கெடுப்பையும் விற்பனை இடங்களையும் பார்க்கும் நகர விற்பனைக் குழுவின் தேர்தலில் வாக்கும் அந்தப் பெண்ணின் கைக்கு எட்டாது. தராசைப் பிடிப்பவர் யாரோ, அவர் பெயரை எழுத வேண்டும்.

கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பது சட்டம். பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது: சாலைப் பணிக்காக முதலில் கடைகளை எடுத்துவிடுகிறார்கள், பிறகு எண்ண வருகிறார்கள். அப்போது எண்ணுவதற்குக் காலி நடைபாதைதான் மிஞ்சும். இடம் மாற்றியே தீர வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

வியாபாரிகளே, உங்கள் பொருளை அதிகாரிகள் பறிமுதல் செய்யும்போது பதற்றத்தில் வண்டியின் பின்னால் ஓடாதீர்கள்; பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தக்காளி எத்தனை கிலோ, தராசு ஒன்று, குடை ஒன்று என்று எழுதி அதிகாரி கையெழுத்திட்ட தாள் அது. அது இல்லாமல் போனால் எதை எடுத்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. காய்கறி, பூ போன்றவற்றை நீங்கள் கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இவர்கள் வியாபாரிகளின் வாக்கில் வருபவர்கள். யாரோ கைகாட்டிய ஆட்களை உட்கார வைத்தால், விற்பனை மண்டலம் வரைபடத்தில் வரும், வாடிக்கையாளர் வரமாட்டார். சென்னை பாண்டி பஜார் வியாபாரிகளை 2013-இல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். ஆனால் நடைபாதை வியாபாரம் போகிற போக்கில் நடப்பது. கொத்தமல்லிக் கட்டுக்காக யார் மாடிப்படி ஏறுவார்? புது இடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், மாலை ஐந்து முதல் எட்டு மணிவரை பழைய இடத்திலும் புது இடத்திலும் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அந்த எண்களோடு குழுக் கூட்டத்துக்குப் போங்கள்.

கடைசியாகக் கடன். கையில் 8,500 வாங்கி, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் தண்டல் கட்டுபவர் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் கடன் 15,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. தவணைகள் தொடர்ந்து தவறினால் 7 சதவீத வட்டி மானியமும் போகும், அடுத்த கடனும் சிக்கலாகும். 15,000-ஐப் பன்னிரண்டு தவணையாகக் கட்டினால் அசல் மட்டும் மாதம் 1,250, வட்டி தனி. தினம் 50 ரூபாயைக் கல்லாவிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் போட்டுவந்தால் தவணை நாளில் தண்டல்காரரைத் தேட வேண்டியிருக்காது.