சி6 கைக்கு ஒரு தாளம்: மைக் வயரும் பழைய மவுஸும் கொண்டு விரல் பயிற்சி

புதுவண்ணாரப்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், சாவு வீட்டுக் கானா என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டியவன். மருத்துவம் படித்தவன் அல்ல. என் அக்கா மகன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து கழுத்தில் அடிபட்டான். சி6 மட்டத்தில், அதாவது கழுத்துப் பகுதியின் ஆறாவது மட்டத்தில் தண்டுவடக் காயம், முழுமையற்றது என்று மருத்துவக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அவன் கைப் பயிற்சிக்காக நான் செய்துகொடுத்த கருவியைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், வேறு குடும்பங்களும் கேட்கிறார்கள், செய்முறையை எழுதிக் கொடுங்கள் என்றார்.

கருவியைத் தொடுவதற்கு முன் கை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சி5 நரம்பு முழங்கையை மடக்குகிறது. சி6 மணிக்கட்டை மேலே தூக்குகிறது. சி7 முழங்கையை நீட்டுகிறது, சி8 விரல்களை மடக்குகிறது, அதற்கு அடுத்து மார்புப் பகுதியில் முதலாவதான டி1 விரல்களை விரிக்கிறது. காயம் முழுமையற்றது என்றால் அதற்குக் கீழே உள்ள தசைகளுக்கும் கொஞ்சம் செய்தி போய்ச் சேரும். எங்கள் பையனுக்கு மணிக்கட்டு நன்றாக எழும். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு துடிப்பு மட்டும் உண்டு. இப்படித் துடிப்பு உள்ளவர்களுக்கும், விரல் அசையாமல் மணிக்கட்டு மட்டும் எழுபவர்களுக்கும் இந்தச் செய்முறை பொருந்தும். மணிக்கட்டே எழாதவர்களுக்கு இது பயன்படாது. அவர்களுக்கான வழியைச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும்.

யோசனை என்னுடையது அல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் மியூசிக் குளோவ் என்ற கையுறையை உருவாக்கினார்கள். திரையில் சுரங்கள் இறங்கி வரும். அந்தந்த நேரத்தில் கட்டைவிரலை மற்ற விரல்களின் நுனியிலோ ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலோ தொட வேண்டும். பக்கவாதம் வந்தவர்களிடம் அதைச் சோதித்திருக்கிறார்கள். இப்போது கடைச் சரக்காகவும் விற்கிறது. ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் செய்த மொபைல் மியூசிக் டச் வேறு வகை. பியானோவில் அடுத்து எந்த விரலை அழுத்த வேண்டுமோ, அந்த விரலின் மேல் கையுறை அதிரும். கழுத்துத் தண்டுவடக் காயம் பட்டு ஓராண்டுக்கு மேலானவர்கள் அதை 8 வாரம் பயன்படுத்தினார்கள். சிலருக்குத் தொடு உணர்விலும் விரல் அசைவிலும் முன்னேற்றம் தெரிந்ததாக 2012இல் அறிவித்தார்கள். அதிர்வு மோட்டாரைவிடத் தொடுதலைச் செய்வது எளிது என்பதால் நான் முதல் வகையை எடுத்துக்கொண்டேன்.

பாட்டுக் கேட்டாலே நரம்பு வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதில் பாட்டுக்கு இரண்டு வேலைகள்தான். எப்போது தொட வேண்டும் என்று சொல்லும். ஒரே அசைவை நூறு முறை செய்தாலும் அலுக்காமல் பார்த்துக்கொள்ளும். மீதி வேலை முழுவதும் கையுடையது.

வீட்டார் முதலில் நிறுத்த வேண்டிய ஒன்று

மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்கினால் விரல்கள் தாமாகவே மடங்கும்; கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் பக்கத்தில் ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் திறக்கும். விரலை இழுக்கும் நாண்கள் சற்று இறுக்கமாக இருப்பதால் கிடைக்கும் பிடி இது. சிகிச்சையாளர்கள் டெனோடிசிஸ் பிடி என்பார்கள். சி6 ஆட்கள் ஸ்பூன் பிடிப்பதும் காகிதம் எடுப்பதும் இதை வைத்துத்தான்.

பார்க்க வரும் பெரியம்மாக்களுக்கு மடங்கிய விரலைக் கண்டால் பொறுக்காது. எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மணிக்கட்டையும் தூக்கி விரலையும் ஒருசேர நீட்டி உருவிவிடுவார்கள். தொடர்ந்து அப்படிச் செய்தால் நாண் தளர்ந்து, இருக்கும் ஒரே பிடியும் போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும்; விரலை மடக்கும்போது மணிக்கட்டு மேலே தூக்கியிருக்க வேண்டும். அன்பைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை அங்கே உண்டு. வேலை செய்யும் தசையின் நாணை மாற்றித் தைத்துப் பிடியை வலுவாக்கும் அறுவையும் சிலருக்குப் பொருந்தும். அதனால் விரல்களை எவ்வளவு நீட்டலாம், எவ்வளவு விடலாம் என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கருவி

முழுக் கையுறை வாங்காதீர்கள். இறுகிய விரல்களை ஒவ்வொன்றாக அதற்குள் நுழைப்பதற்குள் பையனுக்கும் நமக்கும் பொறுமை போய்விடும். பழைய பனியன் துணியில் விரலுக்கு ஒரு பட்டை வெட்டி, வெல்குரோ ஒட்டிச் சுற்றிக்கொள்ளலாம். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே நம் சுண்டுவிரல் நுனி நுழையும் தளர்வு வேண்டும். எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம். இறுக்கினால் அவர்களுக்குத் தெரியாது.

தொடும் இடத்துக்குப் பிரஸ் பட்டன் தைக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். உணர்வில்லாத தோலில் உலோகக் குமிழ் அழுந்திக்கொண்டிருந்தால் புண்ணாகும். என் கடையில் அறுந்த மைக் கேபிளுக்குப் பஞ்சமில்லை. அதன் மேலுறையைக் கீறினால் உள்ளே செம்புக் கம்பியால் பின்னிய வலை இருக்கும். அதை உருவித் தட்டையாக்கினால் துணி போல வளையும். கம்பி முனைகளை உள்பக்கம் மடித்து, பட்டையின் மேல் நூலால் தைத்துவிடுங்கள். கட்டைவிரல் சதைப் பகுதியில் ஒன்று, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒன்று. தொடக்கத்துக்கு இந்த இரண்டு போதும். விரல் அசைவு வந்தபின் ஆள்காட்டி நுனியிலும் நடுவிரல் நுனியிலும் சேர்க்கலாம். வயருக்கு மெல்லிய ரிப்பன் வயர் நல்லது. பழைய இயர்போன் வயரை எடுத்தால், அதன் மேல் உள்ள வார்னிஷைச் சுட்டு எடுக்காமல் ஈயம் ஒட்டாது. எல்லா வயரையும் மணிக்கட்டில் ஒரு பட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். இழுபட்டால் விரலில் இழுபடக் கூடாது.

இனி மவுஸ். யூஎஸ்பி வயர் உள்ள பழைய மவுஸைத் திறந்தால் இடது பட்டனுக்கு அடியில் சின்னச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை அழுத்தும்போது எந்த இரண்டு கால்கள் இணைகின்றன என்று மல்ட்டிமீட்டரில் பார்த்து, அந்த இரண்டிலும் ஒவ்வொரு வயரைப் பற்றவையுங்கள். ஒன்று கட்டைவிரலுக்கு, மற்றது ஆள்காட்டி விரலுக்கு. இரண்டும் தொட்டால் கிளிக். அவ்வளவுதான் கருவி.

லேப்டாப்பில் ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மேடையைக் கிளிக் செய்தால் ஒரு டிரம் ஒலி வரவும், எண்ணிக்கை ஒன்று கூடவும் இரண்டு கட்டளைகள் அமைத்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். மூன்று நான்கு தொடுபுள்ளிகள் வேண்டுமானால் சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ லியனார்டோ என்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகையைக் கேட்டு வாங்குங்கள். கணினி அதைக் கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். கட்டைவிரல் வயர் கிரவுண்டுக்கு, மற்ற விரல்கள் ஆளுக்கொரு பின்னுக்கு. செம்பு வலை உரசும்போது ஒரு தொடுதல் நான்கைந்தாகப் பதிவாகும். அதனால் ஒரு தொடுதலுக்குப் பின் 100 மில்லி விநாடி எதையும் கணக்கில் எடுக்காதே என்று நிரலில் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரம் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. லேப்டாப் பேட்டரியில்தான் ஓட வேண்டும். சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. மைக்கைத் தொட்ட பாடகருக்கு உதட்டில் சுரீர் என்று அடிப்பதை என் தொழிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் கத்துவார், நாம் ஓடுவோம். உணர்வில்லாத கை கத்தாது. வெளி ஸ்பீக்கர் வைத்தால் அதுவும் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

அந்த ஸ்பீக்கர் புளூடூத்தாக இருக்கக் கூடாது, வயரில் வர வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் உயிர்நாடியாகத் தெரிகிறது. புளூடூத்தில் சத்தம் தாமதமாகத்தான் வரும். பாட்டுக் கேட்கையில் அது தெரியாது. தாளம் போடும்போது தெரியும். தொட்ட கணத்தில் ஒலி வந்தால் அது தன் கை செய்த வேலை என்று தலைக்குத் தெரிகிறது. சற்றுத் தள்ளி வந்தால் யாரோ அடித்த அடி மாதிரி ஆகிவிடும். அதேபோல வயலின், ஆர்கன் போல மெல்ல எழும் ஒலிகளை வைக்காதீர்கள். டோலக், பறை, கட்டை தட்டுவது போன்று தொடக்கம் கூர்மையாக உள்ள ஒலி வேண்டும்.

உட்காருவதும் தாளமும்

முதுகு சாய்ந்து நிமிர்ந்திருக்க வேண்டும். உடம்பு சரிந்தால் கை உடம்பைத் தாங்கப் போய்விடும். மேசை முழங்கை உயரம். முன்கைக்கு அடியில் மடித்த துண்டு, மணிக்கட்டு துண்டின் விளிம்புக்கு வெளியே. உள்ளங்கை கீழே பார்த்தபடி தூக்க முடிந்தால் நல்லது. வலு போதாவிட்டால் கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பூமியின் இழுப்பு குறையும், அசைவு எளிதாகும்.

தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். ‘த’வில் மணிக்கட்டு எழுந்து விரல் தொட வேண்டும், ‘க’வில் அப்படியே நிற்க வேண்டும், ‘தி’யில் மணிக்கட்டைத் தொங்கவிட வேண்டும், ‘மி’யில் விரல் திறந்து ஓய வேண்டும். பிடிப்பதைவிட விடுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். கானாப் பாட்டுகளில் பெரும்பாலும் தகிட நடை ஓடும். அது ஆடுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் மூன்று எண்ணிக்கையில் விரல் திறந்து முடிவதில்லை. நான்கு நடையில் உள்ள, அவர்களுக்கு மனப்பாடமான பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். புதுப் பாட்டென்றால் கவனம் வரிகளுக்குப் போய்விடும். யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆகக் குறைத்தாலும் குரலின் சுருதி மாறாது. நிமிடத்துக்கு 50, 60 தட்டு என்ற அளவில் தொடங்கலாம். பத்தில் எட்டு சரியாக விழுந்தால் அந்த வேகம் சரி. பத்துக்குப் பத்து விழுந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். ஐந்தாறுதான் விழுகிறது என்றால் குறையுங்கள்.

எந்தப் பாட்டு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் நான் பக்திப் பாட்டு வைத்தேன்; மாமா, நான் இன்னும் சாகவில்லை என்றான். அவன் கேட்டது ஃபுட்பால் மைதானத்தில் போடுகிற குத்துப் பாட்டு. பாதி வேகத்தில் அது யானை நடப்பது போல ஓடியது. ஆனால் கை கூடவே நடந்தது.

ஒரு வேளைக்கு 10, 15 நிமிடம், காலையும் மாலையும். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, உடம்பு சீக்கிரம் சூடேறும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் பயிற்சி வைக்காதீர்கள். முடிந்ததும் பட்டைகளைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் கண்ணால் பாருங்கள். சிவந்த தடம் சீக்கிரம் மறையாவிட்டால் மறுநாள் அந்த விரலுக்கு விடுமுறை.

டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு (கழுத்துக் காயமும் இதில் அடக்கம்) இன்னொரு ஆபத்து உண்டு. திடீரென்று தலையைப் பிளக்கும் வலி, முகம் சிவப்பது, நெற்றியில் வியர்வை என்று வந்தால் இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானவற்றைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். குறையாவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கணக்கு

ஸ்கிராட்ச் காட்டும் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். விளையாட்டில் கை தேறுவதும் வாழ்க்கையில் கை தேறுவதும் ஒன்றல்ல. சிகிச்சையாளர்கள் பெட்டியும் கட்டையும் வைத்து ஒரு சோதனை செய்வார்கள். 60 விநாடியில் எத்தனை சின்னக் கட்டைகளை நடுத் தடுப்பைத் தாண்டிப் போட முடிகிறது என்று எண்ணுவார்கள். எங்கள் தெருவில் கட்டைக்கு எங்கே போவது? கேரம் காய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2024இல் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா வளர்ந்த பேட்டை இது. காய்களை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டியபடி வரிசையாக வைத்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுக்க வரும். நடுவில் ஓர் அட்டை, மறுபக்கம் ஒரு தட்டு. போரிக் பவுடர் ஒட்டிய காயென்றால் கழுவித் துடைத்துவிடுங்கள், வழுக்கும். வாரம் ஒரு முறை, ஒரே நாள், ஒரே நேரம். எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதிவைத்துச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

எண் கூடாத வாரங்கள் வரும். சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ வந்தால் தசை இறுக்கம் கூடி, எண் கீழேயும் போகும். அப்போது பாட்டை மாற்றாதீர்கள், வேகத்தை மட்டும் குறையுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்காற்றில் செம்பு வலை சீக்கிரம் கறுத்துவிடும். சரியாகத் தொட்டும் ஒலி வரவில்லை என்றால் கையைக் குறை சொல்வதற்கு முன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எலுமிச்சைச் சாற்றில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டலாம். பச்சை பிடித்துவிட்டால் வெட்டிப் போட்டுப் புது வலை தையுங்கள். பழைய கேபிள் வேண்டுமென்றால் அருகில் உள்ள எந்தச் சவுண்ட் சர்வீஸ் கடையிலும் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.