பழைய இராணுவ வாகனங்களின் எண்ணெய் வடிகட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றின் முன் நின்று “வில்லிஸ் ஜீப்புக்கு ஒயில் பில்டர் ஒன்று வேண்டும்” என்று கேட்பதே முதலாவது தவறு. வடிகட்டி எஞ்சினுக்கு உரியதே தவிர, வாகனத்தின் பெயருக்கு உரியதன்று. இலங்கையில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் இருப்பது மூல எஞ்சின் அன்று. எரிபொருள் செலவைக் கருதி யாரோ எப்போதோ பொருத்திய ஜப்பானிய டீசல் எஞ்சின். மறுபுறம், ஒரே எஞ்சின் வெவ்வேறு வாகனங்களில் இருப்பதும் உண்டு. பெரெட் கவச வாகனத்துக்கும் ஹம்பர் ஒரு தொன் வாகனத்துக்கும் ரோல்ஸ் ரொய்ஸ் பி60 எஞ்சின்தான். ஆனால் அதன் பதிப்பு எண்கள் மாறும். ஆகவே, கடைக்குப் போகுமுன் எஞ்சினில் பொறித்துள்ள எண்ணையும் எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்வதும், பழைய வடிகட்டியைக் கையோடு கொண்டுசெல்வதும் நல்லது.

அதைவிட முக்கியமானது, அந்த எஞ்சினில் எண்ணெய் எந்த வழியாக ஓடுகிறது என்பதை அறிந்திருப்பது. 1941 முதல் 1945 வரை தயாரிக்கப்பட்ட வில்லிஸ் எம்பி, ஃபோர்ட் ஜிபிடபிள்யூ ஜீப்புகளின் 134 கன அங்குல, 60 குதிரைவலு எஞ்சினில் இருப்பது பைபாஸ் முறை. பம்ப் அனுப்பும் எண்ணெயின் பெரும்பகுதி நேரே பெயரிங்குகளுக்குச் செல்கிறது. சிறு பங்கு மட்டுமே வடிகட்டிக்குள் புகுந்து, சுத்தமாகி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு மீண்டும் இறங்குகிறது. லாண்ட் ரோவர் சீரிஸ் 2 வாகனத்தின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினில் இருப்பதோ முழு ஓட்ட முறை. அங்கே எண்ணெய் முழுவதும் வடிகட்டியைக் கடந்த பின்னரே பெயரிங்கை அடைகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் அளவு பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடுகிறவர்கள் பலர். பைபாஸ் வடிகட்டியின் இழை மிக நுண்ணியது. அதனை முழு ஓட்ட எஞ்சினில் பொருத்தினால் எண்ணெய் தடைப்பட்டு, பாதுகாப்பு வால்வு திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயே பெயரிங்குகளுக்குப் போய்ச் சேரும். வடிகட்டி இருந்தும் இல்லாத நிலைதான்.

பைபாஸ் முறையில் மிகுந்த சேதத்தை விளைவிக்கும் தவறு வடிகட்டியில் அன்று, அதன் இணைப்பில் நிகழ்கிறது. வடிகட்டி அமர்ந்திருக்கும் கலனின் நடுவில் நிற்கும் குழாயிலோ, எண்ணெய்க் குழாய் வந்து சேரும் பித்தளை இணைப்பிலோ, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் அளவான நுண்துளை ஒன்று இருக்கும். வடிகட்டிக்குள் எவ்வளவு எண்ணெய் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அத்துளைதான். பழைய இணைப்பு கசிகிறது என்று, வெளித்தோற்றத்தில் அதேபோன்ற சாதாரண பித்தளை முழங்கை இணைப்பு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால், எண்ணெய் தங்குதடையின்றிச் சம்புக்குத் திரும்பிவிடும். எஞ்சின் சூடேறி ஐடிலில் நிற்கும்போது அழுத்தமானியின் முள் கீழே விழும். உரிமையாளர் அதைப் பார்த்துப் பெயரிங் தேய்ந்துவிட்டது என்று எண்ணி எஞ்சினைப் பிரிக்கத் தொடங்குகிறார். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகப் பெருந்தொகை செலவாகும் இடம் இது. துளை அடைத்துக்கொண்டால் மெல்லிய செப்புக் கம்பியும் மண்ணெண்ணெயும் போதும். துளைக்கருவியைக் கொண்டு “கொஞ்சம் பெரிதாக்கி” விடக்கூடாது.

இன்னொரு சங்கடமும் இம்முறையில் உண்டு. பைபாஸ் வடிகட்டி முற்றாக அடைபட்டாலும் ஜீப் வழமைபோலவே ஓடும். அழுத்தமானி எதையும் காட்டிக்கொடுக்காது. இதனால்தான் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத வடிகட்டிகளுடன் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சோதிப்பது எளிது: இருபது நிமிடம் ஓட்டியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு, புறங்கையை முதலில் கலனின் அருகே கொண்டுசென்று, தாங்கும் அளவாயின் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது கலன் மட்டும் குளிர்ந்திருந்தால், அதற்குள் எண்ணெய் ஓடவில்லை.

சுழற்றிப் பொருத்தும் நவீன வடிகட்டிக்கு மாற்றிக்கொள்வதை நான் குறைகூறமாட்டேன். மூலத்தோற்றத்தைப் போற்றுகிறவர்கள் முகம் சுளிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வடிகட்டியைத் திருகி ஏற்றும் புரியின் அளவில் அலட்சியம் கூடாது. முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 புரிகள் கொண்ட வடிகட்டிகளும், 20 மில்லிமீற்றர் விட்டத்தில் 1.5 மில்லிமீற்றர் இடைவெளியில் புரி கொண்டவையும் சந்தையில் அருகருகே கிடக்கின்றன. ஜப்பானிய வாகனங்களிலேயே இரண்டு வகையும் உண்டு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர். ஆகவே 20 மில்லிமீற்றர் வடிகட்டி முக்கால் அங்குலத் தண்டில் சுழன்று ஏறும், இறுகியதுபோலவும் தோன்றும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே பற்றியிருக்கும். காலையில் குளிர்ந்த, தடித்த எண்ணெயின் அழுத்தம் ஏறும்போது அது கழன்று தெறித்தால், சில நொடிகளில் எண்ணெய் முழுவதும் தரையில் கொட்டிவிடும். இறுகுவதற்கு முன் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது உங்களுக்குரியதன்று.

லாண்ட் ரோவரின் கலன்வகை வடிகட்டியில் ஏற்படும் கசிவுகளுக்கு இறப்பர் வளையமே பெரும்பாலும் காரணம். மேலேயுள்ள பள்ளத்தில் பழைய வளையம் எண்ணெய்க் கசடோடு சேர்ந்து கறுத்து இறுகி, இரும்பின் ஒரு பகுதிபோலவே தெரியும். விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பள்ளம் வெறுமையாக உள்ளதென நம்பி, புதிய வளையத்தை அதன்மேலேயே வைத்துவிடுகிறார்கள். கூரிய ஊசியை ஓரத்தில் செலுத்தி நெம்பினால் பழையது துண்டு துண்டாக வெளிவரும். கண்ணாடியையும் கைவிளக்கையும் பிடித்து, பள்ளத்தின் அடியில் உலோகம் தெரியும்வரை துடைக்க வேண்டும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, அது சுற்றிலும் சமமாக அமர்ந்தபின் நடு ஆணியை இறுக்குங்கள். கசிந்தால் மேலும் இறுக்குவது என்ற பழக்கம் கலனை நெளிக்கவே உதவும். கலனின் அடியிலுள்ள சுருள்வில்லையும் வாசரையும் கழுவும்போது கசட்டோடு வீசிவிடாதீர்கள். அவை இல்லாவிடில் வடிகட்டி தன் இடத்தில் அழுந்தாது, எண்ணெய் அதனைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இராணுவப் பொதியோடு கிடைக்கும் பழைய சரக்கு சேகரிப்பவருக்கு மகிழ்ச்சி தரலாம். எஞ்சினுக்கு அது ஆபத்து. கொழும்பின் ஈரக்காற்றில் பல பத்தாண்டுகள் கிடந்த காகிதமும் பசையும் சூடான எண்ணெயில் பிரிந்துவிடக்கூடும். பொதியிலுள்ள நேட்டோ பொருள் இலக்கத்தை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். தொடக்கத்திலுள்ள 2940 என்பது பொருளின் வகையை மட்டுமே குறிக்கும்; காற்று வடிகட்டிகளும் அதே வகையில் அடங்கும். 1974 முதல் வழங்கும் 13 இலக்க முறையில் அடுத்துவரும் இரண்டு இலக்கங்கள் நாட்டைக் குறிக்கின்றன; பிரித்தானியாவுக்கு 99. உங்களுக்குத் தேவையானது அந்த நாட்டு இலக்கங்களையும் சேர்த்து இறுதி ஒன்பது இலக்கங்களே.

காகித வடிகட்டியைப் பெற்றோலில் கழுவி மீண்டும் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை காலிமுகத்திடல்வரை போய்வரும் வாகனத்துக்குக் கிலோமீற்றர் கணக்கும் பொருந்தாது. எஞ்சின் முழுச்சூடு அடையாத குறுகிய ஓட்டங்களில் எண்ணெயில் நீர் சேர்வதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது தகும். நெடுங்காலம் பழைய எண்ணெயில் ஓடிய எஞ்சினுக்குக் கழுவும் தன்மையுள்ள இன்றைய எண்ணெயை முதன்முதலாக ஊற்றினால், படிந்த கசடு கிளம்பி வரும். அந்த முதலாவது வடிகட்டியைச் சில நூறு கிலோமீற்றரிலேயே மாற்றிவிட வேண்டும்.

மாற்றியபின், பெற்றோல் எஞ்சினாயின் இக்னிஷன் கொயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தமானி அசையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். பின்னர் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கலன் விழுங்கிய அளவுக்கு எண்ணெயை நிரப்புங்கள். கழற்றிய வடிகட்டியை உடனே வீசிவிடாமல் வெட்டி விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மிகச்சிறு துகள்கள் கொஞ்சம் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் செதில்களோ செம்பு நிறமோ மின்னினால், பெயரிங் கரைகிறது என்று பொருள். சம்பை இறக்கிப் பார்க்கும்வரை அந்த வாகனத்தை மீண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது.