இந்திரா காந்தி வாழ்க்கையை தேதி வச்சு நோட்டு போடுறது எப்படி

நவம்பர் 19 வந்தா பிறந்தநாள், அக்டோபர் 31 வந்தா நினைவு நாள்னு ரெண்டு தேதியோட நிறுத்திட்டா இந்திரா காந்திய பத்தி ஒண்ணுமே புரியாது. ஒருத்தருக்கு அவங்க தெய்வம், இன்னொருத்தருக்கு சர்வாதிகாரி. ஏன் ரெண்டும் சொல்றாங்கன்னு புரியணும்னா நடுவுல உள்ள தேதிகள்தான் வேணும்.

ஒரு பெரிய நோட்டு எடுத்துக்கோங்க, ஒரு தேதிக்கு ஒரு பக்கம். மேல நடந்தத எழுதுங்க, கீழ ரெண்டே கேள்வி, இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, இதால யாருக்கு என்ன ஆச்சு. பாராட்டோ திட்டோ இப்போதைக்கு வேண்டாம்.

பழக்கத்துக்கு 1969 ஜூலை 19 எடுங்க, 14 பேங்க் தேசியமயம் ஆன நாள். அதோட விட்றாதீங்க, 1970 பிப்ரவரி 10ல சுப்ரீம் கோர்ட் அந்த சட்டம் செல்லாதுன்னு சொல்லி, திரும்ப புதுசா அவசர சட்டம் போட்டாங்க, அதையும் அதே பக்கத்துல எழுதணும். 1971 டிசம்பர் 16, டாக்கால பாகிஸ்தான் படை சரணடைஞ்ச நாள், அது எல்லாருக்கும் தெரியும். 1974 மே 18 பொக்ரான் அணுகுண்டு சோதனை எழுதும்போது, அப்போ நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக் நடந்துட்டு இருந்துச்சு, ஆயிரக்கணக்குல தொழிலாளிங்க ஜெயில்ல இருந்தாங்கங்கறதும் அதே பக்கத்துல வரணும்.

1975 ஜூனுக்கு மட்டும் நாலஞ்சு பக்கம் ஒதுக்குங்க, என் கணக்குல அவங்க வாழ்க்கையோட முடிச்சே அந்த ரெண்டு வாரம்தான். ஜூன் 12, அலகாபாத் ஹைகோர்ட்ல நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா இந்திரா காந்தி ஜெயிச்ச ரேபரேலி தேர்தல் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்றார், 6 வருஷம் தேர்தல்ல நிக்கவும் தடை. ஜூன் 24, சுப்ரீம் கோர்ட்ல கிருஷ்ணய்யர் நிபந்தனையோட ஸ்டே குடுக்கறார், பிரதமரா இருக்கலாம், எம்.பி.யா ஓட்டு போட முடியாது. ஜூன் 25 சாயங்காலம் டெல்லி ராம்லீலா மைதானத்துல எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஜெயபிரகாஷ் நாராயண் கூட்டம், அன்னைக்கு ராத்திரியே ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது எமர்ஜென்சி (நெருக்கடி நிலை) அறிவிப்புல கையெழுத்து போட்டுட்டார், மந்திரிங்களுக்கு மறுநாள் காலைலதான் தெரியும், ஜனங்களுக்கு அதுக்கப்புறம் ரேடியோல.

அதனாலதான் சில பேர் 25ங்கறாங்க, சில பேர் 26ங்கறாங்க. கையெழுத்து தேதி, அறிவிச்ச தேதி ரெண்டையும் தனித்தனியா எழுதிட்டா குழப்பம் வராது. கச்சத்தீவு ஒப்பந்தமும் இப்படித்தான், 1974 ஜூன் 26 கொழும்புல ஒரு கையெழுத்து, 28 டெல்லில இன்னொண்ணு.

நம்ம ஊர் பக்கம் 1976 ஜனவரி 31, திமுக ஆட்சிய கலைச்ச நாள். விசாரணை இல்லாம ஜெயில்ல வைக்கிற மிசா சட்டத்துல பிடிச்சு சென்னை ஜெயில்ல அடிபட்ட திமுககாரர் சிட்டிபாபு 1977ல இறந்துட்டார், இந்த பேர் விட்டுப்போகக் கூடாது, நிறைய பேர் விட்டுடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

1984ஐ பின்னாடியிருந்து எழுதாதீங்க. ஜூன்ல பொற்கோயிலுக்குள்ள ராணுவம் போனத முதல்ல எழுதிட்டுத்தான் அக்டோபர் 31க்கு வரணும், சொந்த பாதுகாவலரா இருந்த சீக்கியர் ரெண்டு பேர் அவங்கள சுட்டது ஏன்னு அப்பத்தான் விளங்கும். அப்புறம் நவம்பர் முதல் வாரத்துக்கு ஒரு பக்கம் கட்டாயம், டெல்லில மட்டும் 2,733 சீக்கியர்கள கொன்னதா அரசு கணக்கே சொல்லுது. அவங்க நினைவு நாள எழுதிட்டு இத எழுதாம விட்டா அந்த நோட்டு பொய் சொல்லுதுன்னுதான் அர்த்தம்.

வீட்டுல 1975ல விவரம் தெரிஞ்ச வயசுல இருந்த தாத்தா பாட்டி இருந்தா உக்காந்து கேளுங்க, ஆனா அவங்க சொல்றத வேற கலர் மையில எழுதுங்க, ஞாபகமும் ஆவணமும் கலந்துடக் கூடாது.

கடைசியா ரெண்டு பக்கத்த எதிரெதிரா வர்ற மாதிரி வைங்க. 1977 மார்ச், உத்தரப் பிரதேசத்துல 85 தொகுதில ஒண்ணு கூட காங்கிரஸுக்கு கிடைக்கல, ரேபரேலில அவங்களே தோத்தாங்க, அதே தேர்தல்ல தமிழ்நாட்டுல அதிமுக காங்கிரஸ் கூட்டணி பெரும்பாலான இடத்த ஜெயிச்சுது. எதிர் பக்கத்துல 1980 ஜனவரி 14, அவங்க திரும்ப பிரதமரா பதவி ஏத்த நாள், அந்த தேர்தல்ல அதே ரேபரேலியும் அவங்கள ஜெயிக்க வச்சுது.