ஆந்த்ரோபாலஜி (மானுடவியல்) டிகிரில சேந்திருக்கீங்களா, எப்படி படிக்கிறதுன்னு சொல்றேன்

இத படிச்சா என்ன வேல கெடைக்கும்னு வீட்டுல கேப்பாங்க, அது தனி கத. மொத வருஷத்துல தியரி பேரா வந்து குமியும், மனப்பாடம் மட்டும் பண்ணாதீங்க. தியரி சொன்ன ஆளையும் அவங்க ஆராய்ச்சிக்கு போன ஊரையும் சேத்து மனசுல வைங்க: மாலினோவ்ஸ்கின்னா ட்ரோப்ரியாண்ட் தீவு, ரிவர்ஸ்னா நீலகிரி தோடர்கள், எவான்ஸ் பிரிட்சர்ட்னா இப்ப தெற்கு சூடான்ல இருக்குற நூயர் மக்கள். என்ன கேள்வியோட போனாங்கன்னு புரிஞ்சா தியரி தானா ஒட்டிக்கும்.

உறவுமுறை சாப்டர்னா நெறைய பேருக்கு பயம், ஆனா தமிழ் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது பாதி தெரிஞ்ச பாடம். ஆணுக்கு முக்கோணம், பொண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு சமக்குறி, அவ்ளோதான், பாட்டி பக்கத்துல ஒக்காந்து மூணு தலமுறைக்கு வரைஞ்சு பாருங்க. பெரியப்பா பொண்ணு அக்கா தங்கச்சி, அத்த பொண்ணு கட்டிக்கிற முறை, இங்கிலீஷ்ல ரெண்டு பேருமே கசின். மொத வகை பேரலல், ரெண்டாவது க்ராஸ்னு புக்குல பிரிக்கிறது இதத்தான். அமெரிக்காவுல இருந்த மார்கன்ங்கிற ஆராய்ச்சியாளர், அங்க உள்ள இரோக்வாய் பழங்குடி மக்கள் உறவுப்பேரும் தமிழ் உறவுப்பேரும் ஒரே மாதிரி போகுதுன்னு 1871லயே எழுதிட்டாரு, மொத தடவ படிச்சப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு.

ஃபீல்டுவொர்க்குக்கு, அதாவது மக்கள் கூட இருந்து பாத்து எழுதுறதுக்கு, காடு மலைன்னு தேட வேணாம். நான் ஒரு பூக்காரம்மாகிட்ட, ஸ்டூடண்ட்டுன்னு சொல்லி சம்மதம் கேட்டுத்தான் ஒக்காந்தேன். "பாசமா விக்கிறாங்க"ன்னு எழுதுனேன், சார் அந்த வரிய கோடு போட்டு அடிச்சுட்டாரு. மறுநாள் கைய மட்டும் பாத்தேன்: முழங்கைலேர்ந்து வெரல் நுனி வரைக்கும் அளந்து, தெரிஞ்சவங்கன்னா நாலு வெரக்கட தள்ளி வெட்டுறாங்க, புதுசா வந்தவங்களுக்கு முழத்தோட சரி. இதுதான் நோட்ஸ். பாத்தது இடது பக்கம், நீங்க நெனச்சது வலது பக்கம், அன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க, தூங்கி எழுந்தா பாதி போயிடும்.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். நம்ம நாட்டு மானுடவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948ல மைசூர் பக்கம் ராம்புராவுல தங்கி எடுத்த குறிப்புகள பல வருஷமா வகைப்படுத்தி மூணு காப்பியா வச்சிருந்தாரு, 1970ல ஸ்டான்ஃபோர்டுல வச்ச தீயில அந்த மூணு காப்பியும் எரிஞ்சு போச்சு, ஏன்னா மூணும் ஒரே எடத்துல இருந்துச்சு. அந்த கிராமத்த பத்தின புக்க பெரும்பாலும் ஞாபகத்துலேர்ந்துதான் எழுதுனாரு. அதனால பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வேற எடத்துலயும் போட்டு வைங்க, அதுக்கு முன்னாடி பேசுனவங்க பேரெல்லாம் மாத்தி எழுதியிருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கங்க.